‘கோயிங் ரு’ என்னும் ஆங்கில வழக்கும் தமிழ்ப் ‘போதலும்’

மழை இருட்டிக்கொண்டு வரும் மாலை வேளையிலே, முற்றத்திற் காயும் நெல்லை அள்ளுதற்கு விரையும் ஒருத்தி ‘மழை பெய்யப் போகிறது’ என்று கூறுவாளேயன்றி, ‘மழை பெய்யும்’ என்று கூறாள். அதே வானத்தை நோக்கி நிற்கும் ஆங்கிலேயன் ஒருவனும் ‘இற் இஸ் கோயிங் ரு றெயின்’ என்றே பெரும்பாலும் கூறுவான். இவ்விருவரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாதவராயினும், இன்னும் வாராத மழையைக் கூறுதற்கு இருவருமே ‘போதல்’ என்னும் பொருளுடைய வினையைத் துணையாகக் கொள்கின்றனர். மழை எவ்விடத்திற்கும் போவதன்று. வருவதே அதன் இயல்பு. அவ்வாறாகவும் வரும் மழைக்குப் போதல் கூறப்படுதல் எவ்வாறு? இவ்வொற்றுமை எதுவரை செல்லும்? எவ்விடத்தில் அது முறியும்? இவை ஆராயற்பாலன.

இவ்வாராய்ச்சியாற் பயனுண்டோ என வினவுவார்க்கு விடை எளிது. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி ஏற்பட்டதன் பின்னர், தாய்மொழி போதனாமொழியாகப் படிப்படியே விரிந்தது. அதனால், ஏனைய பாடங்களைக் கற்கும் வாயிலாயிருந்த ஆங்கிலம், இலங்கைத் தமிழ் மாணவருட் பெரும்பாலார்க்குப் பாடங்களுள் ஒன்றாயிற்று. இல்லத்திலும் வீதியிலும் ஆங்கிலத்தைக் கேளாத மாணவன் அதனை நூலின்வழியே அறிகின்றான். நூல் எதனை மறைக்கின்றதோ அதனை அவன் அறியான்; நூல் எதனைத் திரிக்கின்றதோ அதனைத் திரிபாகவே கொள்வான். ஆங்கில எதிர்காலத்தைப் பற்றிப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன அத்தகைய மறைப்பும் திரிபும் உடையன. அவற்றை விலக்குதற்கு வேண்டிய அறிவு மாணவனின் தாய்மொழியிலேயே இருக்கின்றது என்பது இக்கட்டுரையின் துணிபு.

கடனும் விருப்பும்

ஆங்கில வினைக்கு இறந்தகால உருபு உண்டு. எதிர்கால உருபு இல்லை. தமிழில் ‘செய்வேன்’ என்புழி வகர இடைநிலை எதிர்காலங் காட்டுவதுபோல ஆங்கில வினையின் அகத்தே எதிர்காலங் காட்டும் உறுப்பு ஒன்றும் இன்மையின், அம்மொழி துணைச்சொற்களை நாடுகின்றது. அவற்றுட் பழையன இரண்டு: ‘ஷல்’, ‘வில்’ என்பன. இவையும் தொடக்கத்திற் காலங் குறித்தன அல்ல. ‘ஷல்’ என்பது பழைய ஆங்கிலத்திற் கடன்படுதலைக் குறித்த சொல். ‘வில்’ என்பது விரும்புதலைக் குறித்த சொல். செய்யக் கடன்பட்டவன் பின்னர்ச் செய்வான். செய்ய விரும்பினவனும் பின்னர்ச் செய்வான். ஆதலின் கடனும் விருப்பும் நாளடைவில் எதிர்காலத்தை உணர்த்தும் கருவிகளாயின.

இது தமிழறிஞர்க்குப் புதுமையன்று. ‘செய்யக் கடவேன்’, ‘செய்யக் கடவன்’ என்னுந் தொடர்களில் வரும் ‘கடவேன்’ என்பதும் கடன் என்னும் சொல்லோடு உறவுடையதே. கட்டளை நடையிலும் சட்ட நடையிலும் ‘கடவது’ என முடியும் தமிழ்த் தொடர்களுக்கு, ஆங்கிலச் சட்ட நடையில் வரும் ‘ஷல்’ நேரொத்து நிற்றல் காண்க. இருமொழியும் வெவ்வேறு குடும்பத்தனவாயினும், கடமையிலிருந்து காலத்தை வடிக்கும் வழி இரண்டிற்கும் பொதுவாகும்.

இவ்விரு சொற்களுக்கும் இடங்களை வகுத்து விதி செய்தவருள் முதன்மையாகக் கூறப்படுபவர் கணித அறிஞராகிய ஜோன் வாலிஸ் ஆவர். 1653ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் அவர் இயற்றிய ஆங்கில இலக்கணத்திலே, தன்மையிடத்தில் ‘ஷல்’ வருமாயின் வெறும் எதிர்வு கூறலும், ‘வில்’ வருமாயின் வாக்குறுதியோ அச்சுறுத்தலோ ஆதலும், முன்னிலை படர்க்கைகளில் இது மாறி நிற்றலும் கூறப்பட்டன. 1762ஆம் ஆண்டில் றொபேட் லவுத் இயற்றிய இலக்கணமும், 1795ஆம் ஆண்டில் லின்ட்லி மறி இயற்றிய இலக்கணமும் இப்பொருளை எடுத்துரைத்தன. மறியின் நூல் பல பதிப்புக்கள் கண்டு ஆங்கிலம் வழங்கிய நாடுகளிலெல்லாம் பாடசாலைகளிற் புகுந்தது. ‘ஐ ஷல் கோ, யூ வில் கோ, ஹீ வில் கோ’ என மாணவர் மனனஞ்செய்த வாய்பாட்டின் வரலாறு இதுவேயாகும்.

இவ்விதி மக்கள் வழக்கினைத் தழுவியதோ என ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் சாள்ஸ் பிறீஸ். நாடக நூல்களில் இடம்பெற்ற உரையாடல்களைத் தொகுத்து 1925ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, பாடசாலை விதியும் வழக்கும் பெரிதும் வேறுபடுதலைக் காட்டிற்று. தன்மையிடத்திலும் ‘வில்’ என்பதே மிகுந்து வழங்கக் காணப்பட்டது. தேன்மார்க்கு நாட்டு அறிஞர் ஒற்றோ யெஸ்பேசன், ஆங்கிலத்தில் தூய எதிர்கால வினைவடிவம் என ஒன்று இல்லை என்றே கருதினார். இவ்வறிஞர்களின் முடிபுகள் வெளிவந்த பின்னரும் பழைய வாய்பாடு பாடநூல்களினின்று விரைவில் நீங்கிற்றிலது.

அவ்வாய்பாட்டின் பெருங்குறை ‘ஷல்’, ‘வில்’ என்பவற்றை இடம் மாற்றி வைத்தமை அன்று. நாள்தோறும் வழங்கும் மூன்றாவது வழியாகிய ‘கோயிங் ரு’ என்பதனை அது முற்றாக விடுத்தமையே பெருங்குறையாகும். இவ்வழக்கு இலக்கணகாரரின் கண்ணுக்குத் தெரியாதிருந்தது எனக் கூறுதற்கும் இயலாது. இலத்தீன் பயிலும் சிறுவர்க்காக யோசுவா பூல் 1646ஆம் ஆண்டில் எழுதிய நூலிலே, இலத்தீன் மொழியின் எதிர்கால எச்சத்திற்கு நேரான ஆங்கிலக் குறிகளுள் ஒன்றாக இது கூறப்பட்டுள்ளது. வாலிசின் விதிக்கு ஏழாண்டு முன்னரே இலக்கணம் ஏறிய வழக்கு ஒன்று, பிற்காலத்துப் பாடநூல்களிற் பேச்சுவழக்கெனத் தாழ்த்தப்பட்டமை வியப்பிற்குரியது.

நடை காலமான வரலாறு

‘கோயிங் ரு’ என்பது தொடக்கத்தில் மெய்யான செலவையே குறித்தது. ஒருவன் ஒரு செயலை முடித்தற்பொருட்டு ஓரிடம் நோக்கிச் செல்லுகின்றான் என்பதே அதன் பொருள். செல்லுதல், செல்லுதற்கு நோக்கமான செயல் என இரண்டு கூறுகள் அதனுள் அடங்கின. நோக்கமான செயல் எக்காலும் செலவின் பின்னரே நிகழும். ஆகவே செலவைக் கூறுமிடத்தெல்லாம் பின்நிகழ்வு ஒன்றும் உடன்தோன்றிற்று. கேட்போன் செலவினும் பின்நிகழ்வையே சிறப்பாகக் கருதத் தொடங்கியபோது, செலவுப்பொருள் தேய்ந்து காலப்பொருள் மேலோங்கிற்று. இம்மாற்றத்தின் தொடக்கச் சான்றுகள் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியினின்று காட்டப்படுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் அது தெளிவுற்றது.

மாற்றம் முற்றுப்பெற்றது என்பதற்கு மூன்று அடையாளங்கள் உள. இருந்த இடத்தைவிட்டு அசையாதவன் ‘ஐ ஆம் கோயிங் ரு றைற்’ எனத் தான் எழுதவிருப்பதைக் கூறுதல் ஒன்று. நடத்தற்குக் காலும் நாடுதற்கு உள்ளமும் இல்லாத மழை, சுவர், விலைவாசி முதலியன எழுவாயாக வருதல் இரண்டு. ‘கோயிங் ரு கோ’ எனச் செலவுவினையே அதன்பின் மீண்டும் வருதல் மூன்று. முதலிலுள்ள ‘கோ’ செலவைக் குறிக்குமாயின் இரண்டாவது ‘கோ’ கூறியது கூறலாய் முடியும். அவ்வாறு முடியாமையின் முன்னையது வெறுந் துணைவினை என்பது பெறப்படும்.

ஒலியும் இதற்குச் சான்று பகரும். விரைந்த பேச்சிலே ‘கோயிங் ரு’ என்பது ‘கொன’ எனக் குறுகும். ஆயின் இக்குறுக்கம் வினையின் முன்னரே நிகழும். இடப்பெயரின் முன்னர் நிகழாது. இலண்டனுக்குச் செல்பவன் ‘கோயிங் ரு லண்டன்’ என முழுமையாகவே கூறுவான். பொருள் இரண்டாய்ப் பிரிந்தவிடத்து ஒலியும் இரண்டாய்ப் பிரிந்தது.

தனிச்சொல்லாய் நின்றது பொருள் தேய்ந்து இலக்கணக் கருவியாய் மாறும் இந்நிகழ்ச்சிக்கு 1912ஆம் ஆண்டில் ஒரு கலைச்சொல்லை வழங்கியவர் பிரெஞ்சு மொழியறிஞர் அந்துவான் மெய்யே ஆவர். ‘இலக்கணமயமாதல்’ எனத் தமிழில் அதனைக் கூறலாம். பிரெஞ்சு மொழியிலும் இஸ்பானிய மொழியிலும் செலவு வினைகளே இவ்வாறு எதிர்காலங் காட்டுதற்குப் பயன்படுகின்றன. ஆதலின், ‘மழை பெய்யப் போகிறது’ என்பது ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்துகொண்ட தொடரோ என ஐயுறுதற்கு இடமில்லை. காலத்தை வழியாகவும் நிகழ்வை வழிமுனையாகவும் கருதுதல் பல மொழியினர்க்கும் இயல்பான சிந்தனையாகும்.

கொப்பு முறிதலும் முறியப் போதலும்

‘வில்’, ‘கோயிங் ரு’ என்னும் இரண்டிற்கும் இடையிலுள்ள பொருள் வேறுபாடு யாது? முருங்கைமரத்தில் ஏற முயலும் சிறுவனை நோக்கி ஒருவர், ‘அந்தக் கொப்பில் ஏறாதே, அது முறியும்’ என்கின்றார். வேறொருவர், ‘அந்தக் கொப்பில் ஏறாதே, அது முறியப் போகிறது’ என்கின்றார். முன்னவர் கூற்றின்படி, சிறுவன் ஏறினாற் கொப்பு முறியும்; ஏறாதுவிடின் அது நிலைத்திருக்கும். பின்னவர் கூற்றின்படி, கொப்பு ஏற்கெனவே வெடித்துவிட்டது; சிறுவன் ஏறினும் ஏறாவிடினும் அது விழும். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘வில்’ என்பதும் பின்னதற்கு ‘கோயிங் ரு’ என்பதும் பொருந்தும்.

இவ்வெடுத்துக்காட்டினின்று பொதுவியல்பு ஒன்று புலனாகும். ‘கோயிங் ரு’ என்பது நிகழ்காலத்தில் வேர்கொண்ட எதிர்காலம். அதன் முதலுறுப்பு நிகழ்கால வினையாதலும் இதற்குப் பொருந்தும். கருமேகமோ, கொப்பின் வெடிப்போ, பேசுவோன் முன்னரே செய்துகொண்ட முடிபோ இப்பொழுதே உள்ளது, நிகழ்வு அதிலிருந்து புறப்பட்டுவிட்டது, வந்துசேர்தலே எஞ்சியது. ‘வில்’ என்பது அத்தகைய வேரினை வேண்டுவதன்று. நிபந்தனைக்கு உட்பட்ட விளைவையும், பேசும் கணத்திற் பிறந்த முடிபையும், வாக்குறுதியையும், ஊகத்தையும் அது கூறும்.

இல்லத்திலே சீனி தீர்ந்துவிட்டது எனத் தாய் கூறுகின்றாள் என்க. அதனை முன்னரே அறிந்து கடைக்குச் செல்ல எண்ணியிருந்த மகன் ‘கோயிங் ரு’ என்னும் வழக்கால் விடை கூறுவான். அதனை அப்பொழுதே அறிந்து, ‘நான் வாங்கி வருவேன்’ எனத் தாயின் சுமையை ஏற்பவன் ‘வில்’ என்பதனால் விடை கூறுவான். பின்னவன் முன்னைய வழக்கை ஆளுவானாயின், ‘இது எனக்கு முன்னரே தெரியும், நீர் சொல்ல வேண்டியதில்லை’ என்னும் குறிப்பும் தோன்றக்கூடும். இலக்கண வழுவன்று, ஆயினும் கேட்போர்க்கு மனக்குறை தரும். உதவ முன்வந்தவன் அசட்டையானவன் எனக் கருதப்படுவான். பாடநூல் வாய்பாடு இத்தகைய இடத்தில் மாணவனுக்குத் துணைசெய்யாது.

இறந்தகாலத்தில் இவ்வழக்கு நிறைவேறாத எண்ணத்தைப் பெரும்பாலும் உணர்த்தும். ‘ஐ வோஸ் கோயிங் ரு றைற்’ என்பவன், எழுத எண்ணியிருந்தும் எழுதாதுவிட்டான் எனக் குறிப்பிக்கின்றான். மன்னிப்புக் கேட்குமிடத்தில் இத்தொடர் பெருவழக்காதலின் காரணம் இதுவே. எதிர்மறையில் இது மறுப்பின் உறுதியைக் காட்டும். முன்னிலையில் வன்மையாக ஒலிக்குமாயின் கட்டளையாகவும் மாறும்.

எனினும் இவ்வேறுபாடு எல்லாவிடத்தும் கூர்மையாய் நில்லாது. ‘இன்று வெயில் கடுமையாயிருக்கும்’ என்பது போன்ற எதிர்வு கூறல்களில் ஆங்கிலேயர் இரண்டினையும் மாறி மாறி வழங்குவர். வானிலை அறிக்கையும் அலுவலக நடையும் ‘வில்’ என்பதனையே விரும்பும். உரையாடல் மற்றையதற்கு இடந்தரும். 20ஆம் நூற்றாண்டில் ‘கோயிங் ரு’ எழுத்து நடையிலும் பெருகிற்றாயினும், எழுத்தில் ‘வில்’ என்பதே மிகுதியும் பயில்வது. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோன்பியின் வழக்கு நூல் போன்றன மூன்றாவது வழிக்கும் உரிய இடமளித்தன. ஆயின், அவற்றின் பின்வந்த பயிற்சி நூல்கள் சில, ‘திட்டமாயின் இது, உடன்முடிபாயின் அது’ எனப் புதியதோர் இரும்பு விதியை வார்த்துவிட்டன. பழைய வாய்பாடு வழக்கினை மறைத்தது. புதிய வாய்பாடு அதனை மிகைபட இறுக்குகின்றது. இரண்டும் மாணவனைச் சொல்லும் சூழ்நிலையினின்று பிரித்து வாய்பாட்டோடு பிணிப்பன.

தமிழிலுள்ள போதல்

மேற்கூறிய கொப்பின் உதாரணம் தமிழிலேயே கூறப்பட்டதும் தமிழ் மாணவர்க்கு அது உடனே விளங்கியதும் கருதற்பாலன. ‘முறியும்’, ‘முறியப் போகிறது’ என்னும் வேறுபாடு தமிழில் உண்டு. எனினும் இது பாடசாலை இலக்கணத்தில் இடம்பெறுதல் அரிது. நன்னூல் முக்காலங் காட்டும் இடைநிலைகளை விரித்துக் கூறும்; ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கமும் அவ்வழியே நின்று அவற்றைத் தெளிவுறுத்தும். இடைநிலையை நோக்கின், ‘பெய்யப் போகிறது’ என்பது நிகழ்கால முற்றேயாகும். வடிவால் நிகழ்காலமாகவும் பொருளால் எதிர்காலமாகவும் நிற்கும் இத்தொடரைத் துணைவினை என்னும் நோக்கினாலன்றி விளக்குதல் இயலாது.

தமிழ்ப் போதலும் செலவுப்பொருளை இழந்துவிட்டதோ என அறிதற்கு எளிய சோதனைகள் உள. ‘மீன் வாங்கப் போகிறான்’ என்பது இருபொருள்படும். ‘மீன் வாங்குவதற்குப் போகிறான்’ என்றும், ‘மீன் வாங்கச் சந்தைக்குப் போகிறான்’ என்றும் கூறின் செலவு ஒன்றே பொருளாகும். இவ்விரு மாற்றங்களையும் மழைமேல் ஏற்றி, ‘மழை பெய்வதற்குப் போகிறது’ என்றோ, ‘மழை பெய்ய ஊருக்குப் போகிறது’ என்றோ கூறின் தமிழாகாது. ‘போகப் போகிறான்’ என்பதும் ஆங்கிலத்திற் கண்டவாறே வழுவின்றி வரும். ஆங்கிலம் போன்று குறுகிய ஒலியால் வேறுபாடு காட்டும் வழிமட்டும் தமிழில் இல்லை. யாழ்ப்பாணப் பேச்சில் ‘போறன்’ என்பது இரண்டிற்கும் பொதுவாய் நிற்கும்.

இவையனைத்தினும் வலிய சான்று தமிழர் வாழ்க்கை வழக்கில் உள்ளது. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று கூறுதல் அமங்கலம் எனக் கருதப்படும். ‘போய்வருகிறேன்’ என்றே கூறுவர். பெரியோர் முன் ‘போகிறேன்’ என்ற சிறுவனை, ‘போய்வருகிறேன் என்று சொல்’ எனத் திருத்தும் தாயர் இன்றும் உளர். இலக்கணகாரர் தகுதிவழக்கில் மங்கலத்தையும் ஒன்றாக வகுத்தமை இத்தகைய மனப்பாங்கைக் கருதியேயாகும். ஆயின் அதே தாய், ‘மகளுக்குக் கலியாணம் நடக்கப் போகிறது’ எனச் சற்றுங் கூசாது கூறுகின்றாள். ‘நடந்து வரப்போகிறது’ எனத் திருத்துவார் ஒருவருமிலர். அமங்கலத்திற்கு அஞ்சும் செவியே அத்தொடரில் அமங்கலத்தைக் கேளாதாயின், அங்கே ‘போதல்’ எனும் பொருள் எஞ்சியிருக்கவில்லை என்பது துணிபு.

ஒற்றுமை முறியும் இடங்கள்

இருமொழியும் ஒருவழிச் சென்றனவெனக் கண்ட மாணவன், தமிழ்ப் போதல் வருமிடமெங்கும் ‘கோயிங் ரு’ என்பதனைப் பெய்துவிடலாம் எனக் கருதின் இடர்ப்படுவான். தமிழ்ப் போதல் ஆங்கிலத்திற்கு இல்லாத வேறு பொருள்களையும் ஏற்றுள்ளது.

ஒன்று, அச்சப்பொருள். ‘மெதுவாகப் பேசு, யாராவது கேட்டுவிடப் போகிறார்கள்’ என்பவன், எவரோ கேட்பது உறுதி என்று கூறவில்லை, கேட்டுவிடுவாரோ என அஞ்சுகின்றான். ஆங்கிலத்தில் இவ்விடத்து ‘மைற்’ என்னும் ஐயப்பொருட் சொல்லே பெரிதும் பொருந்தும். ‘கோயிங் ரு’ என்பதைப் பெய்யின் அச்சம் உறுதிக்கூற்றாய் மாறும்.

இரண்டு, வினாவடிவில் வரும் மறுப்பு. ‘அவன் எங்கே படிக்கப் போகிறான்?’ என்னும் தொடர் பாடசாலையின் பெயரை வினவுதற்கும் உரியது; அவன் படியான் என இகழ்ந்து கூறுதற்கும் உரியது. பின்னைய பொருளில் வந்ததனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கின், இகழ்ச்சி மறைந்து வெறும் வினா எஞ்சும். கேட்டவர் பாடசாலையின் பெயரைக் கூறத் தொடங்குவர்.

மூன்று, இறந்தகாலம். இதுவே மிகவுங் கவனிக்கற்பாலது. ‘அவன் என்னை அடிக்கப் போனான்’ என்று ஒருவர் முறையிடுகின்றார் எனக் கொள்க. அடித்தற்பொருட்டு அவன் அவரிருந்த இடத்திற்குச் சென்றான் என்பது ஒரு பொருள். கையை ஓங்கி அடித்தற்கு அணியமானான். ஆயின் அடிக்கவில்லை என்பது மற்றொரு பொருள். அடிக்கும் எண்ணம் மட்டும் கொண்டிருந்தான் என்பது ‘அடிக்க இருந்தான்’ என்பதனாற் பெறப்படும். ஆங்கிலத்திலுள்ள ‘வோஸ் கோயிங் ரு’ எண்ணத்தளவில் நிற்பதையும் தழுவும். கையோங்கிய நிலையைத் திட்டமாக உணர்த்தாது. இம்முறையீட்டை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர் செலவுவினையால் ஆங்கிலமாக்கின், கையோங்கல் மறைந்து வழிநடை தோன்றும். எண்ணப்பொருளால் ஆங்கிலமாக்கின், முயற்சி மறைந்து மனக்கருத்து மட்டும் எஞ்சும். செய்யத் தொடங்கியதும் செய்ய எண்ணியதும் வெவ்வேறாகக் கொள்ளப்படும் அவையிலே, ஒரு துணைவினையின் பெயர்ப்பு ஒருவனது வழக்கின் போக்கையே மாற்றவல்லது. ‘அவன் எங்கு நின்றான்? கை எங்கிருந்தது?’ என வினவித் தெளிந்த பின்னரே பெயர்த்தல் தக்கது.

மறுதலையான இடர்ப்பாடும் உண்டு. தமிழ் எதிர்காலம் வழக்கமான செயலையும் கூறும். ‘தாத்தா காலையில் எழுந்து தேவாரம் பாடுவார்’ என்பது நாளைய நிகழ்வன்று, நாள்தோறும் நிகழ்வது. ஆங்கில ‘வில்’ என்பதும் ஒரோவழி இப்பொருள்படுமாயினும், அதற்கு இயல்பான இடம் நிகழ்காலமே. மேலும், ‘நாளை வருகிறேன்’ எனத் தமிழர் நிகழ்கால முற்றால் உறுதி கூறுவர். ஆங்கிலத்தில் அதற்குத் தொடர்நிகழ்கால வடிவமுண்டு. ஆகவே எதிர்காலத்தை எத்தனை வழியாற் கூறலாம் என எண்ணுங்கால், இருமொழியும் இரண்டு மூன்று கட்டங்களுள் அடங்காமை தெளிவாகும்.

கற்பித்தற்கண் கொள்ளத்தக்கன

இவற்றினின்று ஆங்கிலங் கற்பிப்போர் கொள்ளத்தக்கன சில உள. முதலாவது, வாய்பாட்டினைக் கற்பிப்பதன் முன்னர்ச் சூழ்நிலையைக் கற்பித்தல் வேண்டும். கருமேகம், வெடித்த கொப்பு, தீர்ந்த சீனி என்பன போன்ற நிலைமைகளைத் தமிழிற் கூறி, ‘இங்கே தமிழில் எதனைச் சொல்வாய்? ஏன் சொல்வாய்?’ என வினவின், மாணவன் தான் அறிந்தும் அறியாதிருந்த வேறுபாட்டினைத் தானே கண்டுகொள்வான். பின்னர் ஆங்கிலத் தொடர் அவனுக்குப் புதுமையாய்த் தோன்றாது.

இரண்டாவது, ஒற்றுமையைக் கற்பித்தவாறே வேற்றுமையையும் கற்பித்தல் வேண்டும். அச்சப்பொருளில் வரும் போதலையும், மறுப்புவினாவில் வரும் போதலையும், ‘அடிக்கப் போனான்’ என்பது போன்ற இறந்தகாலத் தொடர்களையும் தனித்தனி எடுத்துக் காட்டாது, தாய்மொழித் துணை நன்று எனப் பொதுவிற் கூறுதல் பாதி உண்மையாகவே முடியும்.

மூன்றாவது, தமிழாசிரியரையும் சாரும். துணைவினைகள் இக்காலத் தமிழ் வாக்கியத்தின் உயிர்நாடியாயுள்ளன. ‘செய்துவிட்டான்’, ‘செய்து வைத்தான்’, ‘செய்து பார்த்தான்’, ‘செய்யப் போகிறான்’ என்பவற்றில் வினைகள் தம்பொருள் நீங்கி வேறு பொருள் தருதலை மாணவர்க்கு விளக்காதுவிடின், அவர் தமது மொழியின் நுட்பத்தையே அறியாதவராவர். பிறமொழியைச் செம்மையாகக் கற்றற்கு வேண்டிய அளவுகோல் அவர் கையில் இராது. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் ஆறுமுக நாவலர் துணைநின்றமை யாவரும் அறிந்தது. பிறமொழி நூலொன்றைத் தமிழாக்கும் பணிக்கு அவரை உரியவராக்கியது அவரது தமிழ்ப் புலமையே என்பது நினைவுகூரத்தக்கது.

‘கோயிங் ரு’ என்பது மூன்று சிறுவர் உரையாடலிலும் பலமுறை வரும் எளிய தொடர். அதனைப் பாடநூல் ஒதுக்கியமையால் எத்தனையோ மாணவர் வாய்பாட்டில் முழுப்புள்ளி பெற்றும் ஒரு மழை வருவதை ஆங்கிலத்திற் கூற மாட்டாதவராயினர். அவருக்கு வேண்டிய வேறுபாடோ அவர்தம் முற்றத்தில் நெல் அள்ளிய தாயின் வாயிலிருந்தே நாள்தோறும் வெளிவந்தது. அத்தாயின் தமிழை வகுப்பறைக்குள் அழைத்துக்கொள்ளும் ஆசிரியன், இருமொழிக்கும் ஒருங்கே தொண்டு செய்தவனாவான்.